காய்ந்த ஓட்டில் ஒரு சொட்டு

பெட்டாலிங் ஜெயாவில், படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட்டைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சொட்டு வைக்கும் வேலை. ஒரு பரப்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், பக்கத்தில் கேமரா. சொட்டு உருண்டு நின்றால் அந்தப் பரப்புக்கு எவர் உறவும் வேண்டாம். பரவிப் படிந்தால் வந்ததையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்புக்குப் பரப்பாற்றல் என்று பெயர்.

கடலில் கிடக்கும் எதன் மீதும் கல்லாய் அப்பிக்கொள்ளும் சின்ன உயிரான கொட்டலசு, உயிருள்ள பச்சைச் சிப்பியின் ஓட்டில் மட்டும் லேசில் ஏறாது. அந்த ஓட்டைப் போலவே ஒரு பெயிண்ட் செய்திருப்பதாக பெயிண்ட் நிறுவனம் சொன்னது. அதை நிரூபிக்க, போர்ட் கிள்ளானிலிருந்து வாளியில் சிப்பிகள் வந்தன. பழக்கதோஷம்: ஓடுகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன், காயவைத்தேன், சொட்டு வைத்தேன். ஓட்டில் வந்த எண்ணும் பெயிண்ட்டில் வந்த எண்ணும் அச்சு அசலாகப் பொருந்தின.

மனம் உறுத்தியது. துடைக்காத சிப்பி ஒன்றைக் கடல்நீருக்குள்ளேயே பிடித்து, கீழிருந்து ஒரு காற்றுக்குமிழியை விட்டேன். ஓட்டில் அது தங்கவே இல்லை, வழுக்கி ஓடியது. பெயிண்ட் பூசிய தகட்டில் விட்டபோது அப்படியே ஒட்டி நின்றது.

"பாஸ், நாம அளந்தது செத்த ஓடு. உயிரோட இருக்கறப்ப அது வேற."

மேனேஜருக்கு என் வயதில் பாதி. "ஐயோ அண்ணே, நம்பர் மேட்ச் ஆவுதுலா! நாளைக்கு ரிப்போர்ட் போவணும். உங்க கான்ட்ராக்ட்டும் அதோடதான் போவுது, தெரியும்தானே?"

தெரியும். கையெழுத்துப் போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வரை ரயிலில் நின்றுகொண்டே வீடு திரும்பினேன். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன.

சில மாதங்கள் கழித்து, பெயிண்ட் பூசிக் கடலில் தொங்கவிட்டிருந்த தகடுகளைப் பார்க்க போர்ட் கிள்ளான் படகுத்துறைக்குப் போனேன். படகுக்காரர் கயிற்றை இழுத்தார். தகடு தெரியவில்லை, வெள்ளை வெள்ளையாய்க் கொட்டலசுதான் தெரிந்தது.

"என்னாண்ணே இது, பெயிண்ட் அடிச்சீங்களா, உரம் போட்டீங்களா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "தண்ணி ரொம்ப அழுக்குன்னு எழுதிடுங்கண்ணே. கிள்ளான் தண்ணிதானே, யாரு கேக்கப் போறா?"

எழுதினேன். அதே தண்ணீரில், அதே கயிற்றில், தகட்டுக்கு இரண்டு விரல் மேலே, தாமாக வந்து பிடித்த பச்சைச் சிப்பிகள் ஒரு கொட்டலசும் இல்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தன. அறிக்கைக்கான புகைப்படத்தின் ஓரத்தில் அவற்றில் ஒன்று பதிந்திருந்தது.

அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பினேன்.