பையில் கலந்த ஊமத்தை

சலவை நிலையத்தில் துணி தேய்க்கும் அவளை, உடன் வேலை செய்பவர்கள் ‘மேய்ச்சல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கும்போது அவள் கண் தரையை விட்டு எழும்பாது. நடைபாதை வெடிப்பில் பருப்புக்கீரை, வேலியில் முடக்கத்தான், சுவரடியில் குப்பைமேனி என எங்கே எது முளைத்திருக்கிறது என்பது அவளுக்கு அத்துப்படி. மூட்டுவலி, சளி என்று அக்கம்பக்கத்தாரும் கேட்டு வாங்கிப் போவார்கள். அவள் கணவர் மட்டும், “என்னைக்காவது ஒருநாள் எங்களை மேல அனுப்பப் போற” என்று சிரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தாள்.

“அண்ணி, வாயெல்லாம் புண்ணு. தண்ணி குடிச்சாக்கூட எரியுது. ஏதாவது கொண்டாங்களேன்.”

வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளி. பூட்டிக் கிடந்த மர அறுவை ஆலைக்குப் பின்னால் அது மண்டிக் கிடந்தது. பறிக்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாகக் கொத்துக் கொத்தாகப் பார்த்துக் கிள்ளுபவள், அன்று கைக்கு வந்ததைப் பிடுங்கி இரண்டு பைகளில் திணித்தாள். ஒன்றை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மதியம் தன் பையைத் தரையில் கொட்டி ஆய்ந்துகொண்டிருந்தபோது விரலில் ஏதோ கெட்ட வாடை அடித்தது. தண்டைத் தூக்கிப் பார்த்தாள். ஊதா பாய்ந்திருந்தது. இலை விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. ஊமத்தங்கன்று. கிளறினாள். இன்னொன்றும் இருந்தது.

அப்படியானால் நாத்தனாரிடம் கொடுத்த பையில்?

நாத்தனாருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தாள். எடுக்கவில்லை. அந்தச் செடியைத் தாளில் சுருட்டிக்கொண்டு செருப்பைக்கூட மறந்து ஓடினாள். சமைத்திருக்க மாட்டாள், சாயங்காலத்துக்கு எடுத்து வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கால்கள் அதை நம்பவில்லை.

கதவைத் திறந்த நாத்தனாரின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். “கீரை சாப்பிட்டியா?”

“எங்க அண்ணி? வாயில வைக்கவே முடியல. மொத்தத்தையும் எங்க வீட்டுக்காரர்தான் வழிச்சுச் சாப்பிட்டாரு. ஏன், என்ன ஆச்சு?”

நாத்தனாரின் கணவர் வேன் ஓட்டுபவர். நாற்காலியில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். “நாக்கு ஒட்டிக்குதும்மா. லைட்டை அணைங்க, கண்ணு கூசுது” என்றார். அறையில் லைட்டே எரியவில்லை.

ஆட்டோவில் போகும்போது அவர் இல்லாத கியரை மாற்றிக்கொண்டே வந்தார். “பின்னாடி வண்டி வருது, ஓரம் போங்க” என்று ஓட்டுநரை விரட்டினார். வேறு ஒரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள்.

மருத்துவமனையில் டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்தார். கருவிழி நடுவே கண்பாவை அகலமாக விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. “என்ன சாப்பிட்டாரு?”

பதிலுக்கு அவள் தாளைப் பிரித்துக் காட்டினாள். “நான்தான் சார் பறிச்சுக் கொடுத்தேன்” என்றாள்.

“இதைக் கொண்டு வந்தது நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். பிழைத்துவிடுவார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வராந்தா பெஞ்சில் இருவரும் ஒரு கை தூரம் விட்டு உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து அவர் ஹாரன் அடிக்கிற சத்தம் வாயாலேயே வந்துகொண்டிருந்தது. சட்டென்று அது நின்றபோது இருவரும் ஒன்றாக எழுந்துவிட்டார்கள். தூங்கிவிட்டார் என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

மறுநாள் அவர் மனைவியை அடையாளம் கண்டு காபி கேட்டார். எழுத்துகள் மட்டும் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னார். மறுபடியும் வேன் ஓட்ட அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அதுவரை நாத்தனார் போன் செய்யவில்லை. இவளும் தரையைப் பார்த்து நடக்கவில்லை. முட்டிவலிக்காரர்கள் கேட்டபோது, “இப்ப எதுவும் முளைக்கல” என்று பொய் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் கூடையோடு வந்து நின்றாள்.

“கிளம்புங்க அண்ணி. எனக்கு மறுபடியும் வாய்ப்புண்ணு.”

“கடையில மருந்து வாங்கிக்கோம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

“இருக்கட்டும். மெதுவாப் பறிங்க. எனக்கும் காட்டிக் குடுங்க. ரெண்டு பேரும் பார்த்த அப்புறம்தான் பையில போடணும்.”

ஆலைக்குப் பின்னால் அவள் மணத்தக்காளியில் ஒரு கொத்தைக் கிள்ளினாள். கசக்கி முகர்ந்தாள். பிறகு நாத்தனாரின் மூக்கருகே நீட்டினாள். “சரியா?” என்று கேட்டுவிட்டு, அவள் தலையாட்டும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.