அலைச் சத்தத்தை நிறுத்தச் சொன்ன நாள்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் பணிவு இந்த நாலு வரியோடு சரி. இதற்கு மேல் எழுதப்போவது கோபம். வாய்விட்டுச் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இராமேஸ்வரத்தில் இன்னொருவர் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு காலையில் போவார்கள், மறுநாள் காலையில் கரைக்கு வருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வாடைக்காற்றில் எஞ்சின் நின்றுபோய், வயர்லெஸ்ஸும் வேலை செய்யாமல், இரண்டு நாள் தகவலே இல்லை. மூன்றாம் நாள் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. ஐந்து பேரும் உயிரோடு வந்தார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. எனக்குத்தான் அன்றிலிருந்து நெஞ்சு சரியில்லை.

அவர் வாசல்படி இறங்கினால் போதும். கை சில்லிட்டுவிடும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூச்சு மேலேயே நின்றுகொண்டு கீழே இறங்காது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணுமில்ல, பதற்றம்தான்" என்றார். நாத்தனார் அந்த 'ஒண்ணுமில்ல'யை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு. மதினிக்கு வேல வெட்டி இல்ல, அதான்."

காலையிலிருந்து வெயிலில் குனிந்து கருவாடு திருப்பிப் போடுகிறவளுக்கு வேலை வெட்டி இல்லையாம். எனக்குப் பதில் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதுதான் என் வழக்கம்.

ஒரு திங்கட்கிழமை தாங்க முடியாமல் சம்மாட்டி வீட்டுக்கு ஓடினேன். சம்மாட்டி என்றால் எங்கள் பக்கத்தில் படகுக்குச் சொந்தக்காரர். நான் அழுத அழுகையில் பயந்துபோய் அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுவிட்டார். பாதி வலையில் படகு திரும்பி வந்தது. நான் சாகக் கிடக்கிறேன் என்று நினைத்து ஓடிவந்த மனிதர், நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் இராமநாதபுரத்தில் ஓர் ஆலோசனை மையத்துக்கு அனுப்பினார். இசை கேட்க வைத்து, பேச வைத்துக் குணப்படுத்துவார்கள் என்றார்.

"பாட்டுக் கேக்கவா பஸ் ஏறிப் போறிய? எங்க வீட்டு டிவியில நாள் பூரா ஓடுது, இங்கன வந்து உக்காந்துக்கிற வேண்டியதுதான?" என்றாள் நாத்தனார்.

செவ்வாய்தோறும் போனேன். பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்வார்கள். "ஆகா, என்ன அமைதி!" என்பார்கள். நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆலோசகர் என் மூத்த மகள் வயதுப் பெண். நாமக்கல் பக்கமாம். நல்லவள்தான், அதை மறைக்கமாட்டேன். முதல் நாள் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "உங்களுக்கு எந்த மாதிரி இசை பிடிக்கும்மா?" என்று கேட்டாள். "எதுனாலும் சரி மேடம்" என்றேன். அவளாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து என் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தாள். புல்லாங்குழல். அதன் பின்னால் அலைச் சத்தம்.

"கண்ண மூடிக்கங்க. கடற்கரையில உக்காந்திருக்கிறதா நினைச்சுக்கங்க. அலை வரும்போது மூச்ச இழுங்க, போகும்போது விடுங்க. தினம் ரெண்டு வேளை, இருபது நிமிஷம்."

மூன்று வாரம் ஒரு வேளை தவறாமல் கேட்டேன். கேட்கக் கேட்க மோசமானது. வேர்த்துக் கொட்டியது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். மருந்து என்றால் கசக்கத்தானே செய்யும் என்று இருந்தேன். படித்த பெண் கொடுத்தது, குறை சொல்ல நாம் யார் என்று இருந்தேன். இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம்போல் இருக்கிறது.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை. அவர் கடலில் இருக்கிறார், நான் காதில் மாட்டிக்கொண்டு அலையைக் கேட்கிறேன். எப்போது எழுந்தேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. மறுபடியும் சம்மாட்டி வீட்டு வாசலில் கிடந்தேன். மறுபடியும் படகு திரும்பியது.

படகுத்துறைப் பாலத்தடியில், அவரோடு வேலை செய்கிறவன் ஒருவன் என் காதுபடவே சொன்னான்: "அண்ணே, அடுத்த தடவ மதினியவும் படகுல ஏத்திக்குவோம். டீசலாச்சும் மிஞ்சும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்மாட்டி சிரிக்கவில்லை. "இன்னொருக்க இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்ப்பா. மத்த நாலு பேரும் கஞ்சி குடிக்கணும்ல?" என்றார். பாதியில் திரும்ப வைக்கிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால் இங்கே வேறு எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். என் வீட்டுக்காரருக்குக் கடலைத் தவிர ஒரு தொழிலும் தெரியாது.

அடுத்த செவ்வாய் ஆலோசகர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, முதல்ல கொஞ்சம் ரிலாக்ஸ் ஆகிக்கலாம்" என்று மேசை ஸ்பீக்கரில் அதையே போட்டாள். அறை முழுக்க அலை.

"நிறுத்துங்க."

அவளுக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரின் வயரை நானே பிடுங்கினேன்.

"நீங்க கடலப் பாத்திருக்கீங்களா மேடம்?"

"ஸ்கூல் டூர்ல... இங்க வந்த பிறகு ரெண்டு தடவை."

"நான் ரெண்டு நாள் கரையில உக்காந்து இந்தச் சத்தத்த மட்டுந்தான் கேட்டேன். எஞ்சின் சத்தம் வருதான்னு காதத் தீட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இது கேக்க விடல. ஒரு அலை ஓயும், இப்ப கேக்கும்னு மூச்சப் பிடிப்பேன். அதுக்குள்ள அடுத்தது வந்து விழும். இதத்தான் தினம் ரெண்டு வேள கேளுன்னு குடுத்திருக்கீங்க!"

பிறந்ததிலிருந்து நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்மா முதல் நாளே சொல்லல?" என்றாள். எனக்கு இன்னும் எரிந்தது. "கடலுக்குப் போறவன் பொண்டாட்டின்னு தாள்ல எழுதிக்கிட்டீங்கள்ல?" என்றேன். அவள் தாளைப் பார்த்தாள். என் ஃபோனை வாங்கி அந்தப் பதிவை அழித்தாள். "தப்பு என்னோடதும்மா" என்றாள்.

பிறகு மேசைக்கு அந்தப் பக்கமிருந்த நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மூச்சு இறங்கும் என்று கேட்டாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். எங்கள் படகு எஞ்சின். டுக்கு டுக்கு டுக்கு. கரை நெருங்கும்போது குறைப்பார்கள். டுக்கு... டுக்கு... படகு துறைப் பாலத்தை ஒட்டி அணைந்ததும் நிறுத்துவார்கள்.

"இதையே செய்வோம்" என்றாள். நெஞ்சு அடிக்கிற வேகத்தில் தட்டத் தொடங்கணும். தட்டிக்கொண்டே வாயை மூடி ஒரே சுரத்தில் முனகணும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, படகை அணைத்து, நிறுத்தணும். ஐந்து தடவை செய்தோம். கடைசித் தடவை மூச்சு தானாக வயிறு வரை போனது. "பயம் வராதுன்னு சொல்லல. வந்ததும் ஓடாம, மொதல்ல மூணு தடவ படகக் கரைக்குக் கொண்டு வாங்க" என்றாள்.

இவ்வளவு எளிதாக இருந்ததற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வாரமும், ஒரு படகு ஆட்களின் ஒரு நாள் சோறும் இதற்காகவா போனது? திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பஸ்ஸில் ஒருவர், "அக்கா, கடலப் பாருங்க, மனசு லேசாயிரும்" என்றார். "நீங்களே பாருங்க" என்றேன்.

மறுநாள் புதன்கிழமை. டோக்கன் கொடுத்தார்கள், அவர் போனார். பதினொரு மணிக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அரிசி டப்பா மூடியில் தட்டினேன். மூன்று தடவை போதவில்லை, ஏழு தடவை ஆனது. சம்மாட்டி வீட்டுக்குப் போகவில்லை.