வீங்காத முழங்கை

செத்துப்போன எங்கள் சீனியர்தான் என் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் மனதார நம்பினேன். ஐம்பதைத் தாண்டிய மனுஷன், ஹெப்பாள் தொழிற்சாலையில் மீசையோடு திரிகிறவன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள்.

சீனியர் பல வருடம் கைப் பிரஸ்ஸில் நின்றவர். தகட்டை வைத்து, லீவரை இறுகப் பிடித்து இழுத்தால் ஒரு வாஷர் விழும். உடனே அடுத்த இழுப்பு. கடைசிக் காலத்தில் டீ கிளாஸை இரண்டு கையாலும் ஏந்துவார். "என்ன சார், தீர்த்தமா?" என்பேன். முழங்கையின் வெளிப்பக்கத்தைத் தடவியபடி, "சிரி குரு, சிரி. நான் போனாலும் இந்த லீவர் உன்னை விடாது" என்பார். கைவலி என்று லீவு போட்டவர் திரும்பவேயில்லை. அவருடைய மெஷினை எனக்குக் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து கேன்டீனில் கிளாஸைத் தூக்கினேன். முழங்கையில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். விரல்கள் தாமாகத் திறந்துகொண்டன. இடது கை ஓடிவந்து கிளாஸைத் தாங்கியது. எதிரே இருந்தவன் வாயிலிருந்த வடையை மெல்வதை நிறுத்திவிட்டு, "அப்படியே அவர் மாதிரியே பிடிக்கிறியே!" என்றான்.

அதன்பின் கதவுப் பிடியைத் திருப்பினால் சீனியர் முழங்கையைப் பிடிப்பார். வாளியைத் தூக்கினால் பிடிப்பார். குளியலறையில் தனியாக நின்று, "விடுங்க சார், இனிமே கிண்டல் பண்ண மாட்டேன்" என்று கெஞ்சியிருக்கிறேன். தான் போன இடத்துக்கே என்னையும் இழுக்கிறார் என்று நடுங்கினேன். ஹனூர்க்காரியான என் மனைவி கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, வீக்கமே இல்லீங்களே. சூடுகூட இல்லீங்க."

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ பயம் இரட்டித்தது. வீங்காமல், சிவக்காமல், சுடாமல் இப்படி ஒரு வலி என்றால், அது உடம்புக்குள் இருக்கிற வலியே இல்லையே!

டாக்டர் என் மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார். அலறினேன். "டென்னிஸ் எல்போ" என்றார்.

"கேரம்கூட ஆடினதில்லை சார். வீக்கம் உள்ளே ஒளிஞ்சிருக்கும், ஒரு ஊசி போட்டுடுங்க."

"ஆரம்பத்துல கொஞ்சம் அழற்சி இருந்திருக்கலாம். இப்போ எலும்போட சேர்ற தசைநார்தான் நைஞ்சிருக்கு. ஒரே இழுப்பை இழுத்து இழுத்து, ஆற விடாம வெச்சிருக்கீங்க. ஊசி போட்டா சில வாரம் சுகமா இருக்கும், அப்புறம் முன்னைவிட மோசமாகலாம்."

லீவரை இழுப்பதைக் குறைத்தேன்; சின்ன எடையை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சி செய்தேன். வலி போகப் பல மாதம் ஆயிற்று. சீனியர் இறந்தது மாரடைப்பில். அது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். அவர் உடலுக்கு மாலை போட்ட எனக்கும் தெரியும்.