ஹஸ்பெண்ட் விசா

என் கணவரிடம் ஒரு பழைய பகிடி உண்டு. வீட்டில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினாலோ, குழம்பில் உப்புக் கூடிவிட்டாலோ, "இஞ்ச பாரும், இப்பிடியே போனா விசாவைக் கான்சல் பண்ணி பிளேன் ஏத்தி விட்டிடுவன்" என்பார். குடும்பத்தோடு வளைகுடாவில் இருக்கிற ஆண்களில் பாதிப் பேராவது இந்தப் பகிடியை வைத்திருப்பார்கள். சொல்லும்போது அவர் கண் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரித்து முடிந்த பிறகு எனக்குத் தொண்டையில் மீன் முள் நிற்பது போல இருக்கும். ஏனென்றால் விஷயம் உண்மை. நானும் மகளும் துபாயில் இருந்தது அவருடைய விசாவில்.

வேலை விளம்பரங்களிலேயே "ஹஸ்பெண்ட் விசாவில் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை" என்று போடுவார்கள். ஏதோ மரியாதை என்று நான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். விஷயம் வேறு: கம்பனிக்கு விசாச் செலவு இல்லை, ஊருக்குப் போக டிக்கெட் கொடுக்கத் தேவையில்லை, வாடகையைப் புருஷன் பார்த்துக்கொள்வான் என்று சம்பளத்தையும் குறைத்துக் கொடுக்கலாம். அப்படித்தான் நான் அல் கூஸில் ஒரு கம்பனிக்கு வேலைக்குப் போனேன். ஹோட்டல் சமையலறைகளுக்கு அடுப்பும் குளிர்பெட்டியும் விற்கிற இடம். முன்னால் அலுவலகம், பின்னால் கோடவுன். எனக்கு ரிசப்ஷன் மேசையும் ஒரு தொலைபேசியும்.

அந்தத் தொலைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. கொள்முதல் பார்த்த பையன் லீவில் போகிறபோதெல்லாம் அவன் வேலை என் தலையில் விழும். எனக்கு அது பிடித்தும் இருந்தது. விலை பேசுவதில் என்னை யாரும் அசைக்க முடியாது. "பாய், லாஸ்ட் பிரைஸ் போலோ" என்று தொடங்கினால், எதிரில் இருப்பவர் பெருமூச்சு விடும் வரை நிறுத்த மாட்டேன். காஸ் குழாய் விற்கிற ஒரு பட்டாணியர் என் குரலைக் கேட்டவுடனேயே, "அச்சா பெஹன், நீங்களே சொல்லுங்கள்" என்று ஹிந்தியில் சரணடைந்துவிடுவார்.

அந்தப் பையன் கனடாவுக்குக் கிளம்பினான். அவன் இடத்துக்கு என்னைப் போடலாம் என்று கம்பனியில் பேச்சு வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வீட்டில் சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு காலை நான் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது, அவர் முந்திக்கொண்டு தன் செய்தியைச் சொன்னார்.

"எங்கட கம்பனி இஞ்சத்த பிராஞ்சைப் பூட்டுதாம். எனக்குச் சவூதியில, தம்மாமில வேலை தாறாங்கள். சம்பளம் பரவாயில்லை. ஆனா தனியாள் விசா."

அவர் ஏசி திருத்துகிற குழுவில் ஃபோர்மன். தம்மாமுக்கு அவர் போனால் துபாய் விசா போகும். அந்த விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நானும் மகளும் ஊருக்குப் போக வேண்டியதுதான். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிற வருஷம். கைக்குழந்தையாக வந்தவள். துபாயில் நாங்கள் இருக்கிற கராமாதான் அவளுக்கு ஊர். யாழ்ப்பாணம் அவளுக்கு லீவில் போய் நுளம்புக்கடி வாங்கி வருகிற இடம்.

"எனக்குக் கம்பனி விசா கிடைச்சா?" என்று கேட்டேன்.

அவர் புட்டைப் பிசைந்தபடி யோசித்தார். "உமக்கு விசா தந்தா மட்டும் காணாது. பிள்ளையை உம்மட விசாவில வைக்கிறதெண்டா, கொன்ட்ராக்டில எழுதின சம்பளம் அதுக்குத் தக்கதா இருக்கோணும். கையில தாற அலவன்ஸ் எல்லாம் கணக்கில வராது. உம்மட ஆக்கள் தருவாங்களோ?"

தரவைக்கிறேன் என்று சொன்னேன். அடுப்படியில் நின்று சொல்வது சுலபம்.

எங்கள் மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கிடலாம்" என்பார், அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. அவர் அறையில் என்னை உட்காரவைத்து, கொள்முதல் வேலையை எனக்குத் தர முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"சம்பளம் எவ்வளவு எதிர்பாக்கீங்க? கூச்சப்படாம சொல்லுங்க."

ஊரில் எனக்கு ஊட்டி வளர்த்த பணிவெல்லாம் அந்த நிமிஷம் பார்த்து வாய்க்கு வந்தது. "நீங்களே பாத்துச் செய்யுங்கோ சேர்."

கணவர் போகப்போவதையும் நான் சொல்லவில்லை. ஒரு காரியம் நடந்து முடியும் வரை வெளியில் வாய் திறக்கக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வயிற்றில் பிள்ளை வந்ததையே ஐந்து மாதம் மறைத்த பரம்பரை. ஆகவே மேனேஜர் பார்வையில் நான், புருஷன் சம்பளத்தில் சௌகரியமாக இருந்துகொண்டு பொழுதுபோக்குக்கு வேலைக்கு வருகிற பெண்.

அவர் பார்த்துத்தான் செய்தார். நாலு நாள் கழித்து ஈமெயில் வந்தது. பதவி புதிது. சம்பள உயர்வு சின்னது, அதிலும் பாதி போக்குவரத்து அலவன்ஸ், கொன்ட்ராக்டில் வராது. விசா பழையபடி ஹஸ்பெண்ட் விசா. கீழே வாழ்த்துக்கள் என்று போட்டு ஒரு பூங்கொத்துப் படம் வேறு.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு மேனேஜர் மேல் கோபமே வரவில்லை. என் மேல்தான் வந்தது. கம்பனிக்காகக் குழாய்க்கும் திருகாணிக்கும் நாள் முழுக்க அடிபட்டுப் பேசுகிறவள், தன் விலையைச் சொல்லச் சொன்னால் நீங்களே போடுங்கள் என்கிறாள். அந்தப் பட்டாணியருக்குத் தெரிந்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பாட்டு மேசையில் அப்பாவின் கதிரையில் ஏறி உட்கார்ந்தாள். "ஓகே அம்மா, நான்தான் உங்க மேனேஜர். ஸ்டார்ட்."

நான் தொடங்கினேன். சேர், நான் இவ்வளவு காலமாக விசுவாசமாக வேலை செய்கிறேன், எங்கள் வீட்டு நிலைமை என்னவென்றால்…

"நோ. போரிங். நெக்ஸ்ட்" என்றாள்.

நாலைந்து முறை இப்படி விரட்டினாள். ஒரு முறை எனக்குக் கண் கலங்கியே விட்டது. அதற்கும் இரங்கவில்லை. கடைசியில் அவள் சொன்ன வழி இதுதான்: முதலில் தொகையைச் சொல்லவேண்டும், கொன்ட்ராக்டில், கம்பனி விசாவோடு என்று சொல்லவேண்டும், பிறகு வாயை மூடவேண்டும். "அம்மா, நம்பரைச் சொல்லிட்டு நீங்க ஒரே பேசுறீங்க. பேசிப் பேசி நீங்களே குறைக்கிறீங்க. ஜஸ்ட் கீப் குவைட்."

உண்மைதான். பாடசாலை நாள் முதல் என்னைச் சும்மா இருக்கவைக்க யாராலும் முடிந்ததில்லை.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். ஈமெயிலுக்கு நன்றி சொன்னேன். "சேர், நீங்கள் போட்டது எனக்குக் காணாது" என்று தொடங்கி, தொகையைச் சொன்னேன். முழுவதும் கொன்ட்ராக்டில் வரவேண்டும், கம்பனி விசா வேண்டும் என்றேன். வாயை மூடினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வெளியே என் மேசையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

இத்தனை வருஷமும் அந்த மணி இரண்டாம் தடவை அடிக்குமுன் எடுத்துப் பழகிய கை. என் உடம்பு தானாகவே கதிரையை விட்டு அரை அங்குலம் எழும்பியது. பிடித்து உட்காரவைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கணக்குப் பிரிவில் இரண்டு தலைகள் நிமிர்ந்து என் வெறும் கதிரையைப் பார்த்தன, பிறகு ஒன்றையொன்று பார்த்தன, பிறகு குனிந்துகொண்டன. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த ரமலான் வாழ்த்து அட்டையைப் பார்த்தேன். சும்மா இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. முதுகெல்லாம் வியர்த்துவிட்டது, அந்த ஏசியிலும்.

மூன்றாம் முறை அடிக்கத் தொடங்கியபோது அவர் கதவைத் திறந்து, "யாராச்சும் அத எடுங்களேம்பா!" என்று கத்தினார். கோடவுனிலிருந்து ஒருவர் ஓடி வந்து எடுத்து, "ஹலோ, மேடம் மாஃபி, மேடம் மீட்டிங்" என்று, நான் இல்லை என்பதை அரைகுறை அரபியில் சொல்லி வைத்துவிட்டார். யார் அழைத்தது, எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை.

மேனேஜர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரிம்மா. கம்பனி விசா எதுக்கு? அதான் வீட்டுக்காரர் விசா இருக்குல்ல?"

அப்போதுதான் சொன்னேன். கணவர் தம்மாம் போகிறார் என்பதை, பிள்ளையின் படிப்பை, என் விசாவில் அவளை வைக்காவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்குப் போகவேண்டும் என்பதை.

"இத ஏன் முன்னாடியே சொல்லல? நான் என்ன மனுசன் இல்லையா?"

"சொல்லியிருந்தா நீங்கள் பாவம் பாத்துத் தந்திருப்பியள் சேர். எனக்கு இந்த வேலைக்கு உரிய சம்பளம்தான் வேணும்."

இதை மகள் சொல்லித்தரவில்லை. எனக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும், கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயமாகவும் இருந்தது.

அவர் கல்குலேட்டரை எடுத்துத் தட்டினார். "லாஸ்ட் எவ்வளவும்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. இது எனக்குத் தெரிந்த விளையாட்டு. டிக்கெட்டை வருஷா வருஷம் தராமல் இரண்டு வருஷத்துக்கு ஒன்று தாருங்கள் என்று விட்டுக்கொடுத்தேன். ரிசப்ஷனுக்கு வருகிற புதுப்பெண்ணுக்கு நானே வேலை பழக்குகிறேன் என்றேன். சம்பளத்தில் ஒரு துளி இறங்கினேன், பிள்ளையின் விசாவுக்குத் தேவையான அளவுக்குக் கீழே மட்டும் இறங்கவில்லை. அவர் இரண்டு முறை பெருமூச்சு விட்டார்.

"கலாஸ், முடிஞ்சது" என்றார். "சப்ளையர்கிட்ட பேசற மாதிரியே எங்கிட்டயும் பேசிட்டீங்க."

அதைவிடப் பெரிய வாழ்த்து எனக்கு அந்தக் கம்பனியில் கிடைத்ததில்லை. வெளியே வந்து முதல் வேலையாக என் மேசைக்குப் போய், அழைத்தவர் யார் என்று நம்பரைப் பார்த்துத் திருப்பி எடுத்தேன். பழக்கம் விடுமா?

அதன் பிறகு கடுதாசி வேலைகள். தாய் பிள்ளையைத் தன் விசாவில் எடுப்பதற்குத் தகப்பனின் சம்மதக் கடிதம் வேண்டுமாம். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பிள்ளையை நீர் வளர்க்கிறதில எனக்கு ஆட்சேபணை இல்லையாம்" என்று வாசித்துக் காட்டினார். போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனது என்று கேட்டேன். கடிதத்தை மடித்துத் தந்தார். வீட்டு ஒப்பந்தமும் என் பெயருக்கு மாறியது. அவர் தம்மாமுக்குப் போன நாள் மூன்று பேரும் விமான நிலையத்தில் அழுதோம். ஆனால் அழுதுவிட்டு நானும் மகளும் மெட்ரோ ஏறிக் கராமாவுக்கு, எங்கள் வீட்டுக்குத்தான் வந்தோம். அந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன்.

மகளின் புது விசாவில் அவளுக்குப் பொறுப்பாளி, அரபியில் கஃபீல், என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. கடைக்குப் போகக் காசு கேட்கும்போது இப்போது "கஃபீல் மேடம்" என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஈத் விடுமுறைக்கு அவர் வந்தார். மெலிந்திருந்தார். தானே சமைத்துச் சாப்பிட்டால் யாரும் மெலிவார்கள். விளைமீன் வாங்கிக் குழம்பு வைத்தேன், பேச்சுச் சுவாரசியத்தில் உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டேன். ஒரு கவளம் வாயில் வைத்தவர், பழைய பழக்கத்தில் விரலை நீட்டினார்.

"இஞ்ச பாரும், இப்பிடியே போனா விசாவைக்…"

அத்தோடு நின்றுவிட்டார். நீட்டிய விரல் அப்படியே நின்றது. மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் மூக்கால் சிந்திவிட்டாள். அவரும் சிரித்தார், காது வரைக்கும் சிவந்து போய்ச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பகிடிக்கு நான் முள் இல்லாமல் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்து, மீன் தலையை எடுத்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன்.