மலை ஏறிய எடைமேடை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவருக்கு ஊர் வைத்த பெயர் மலை. டன் டன்னாகப் பெட்டிகளைத் தூக்கி இறக்கிய அந்த மனுஷனுக்குத் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏற முடியாமல் போனது. கேபின் நாற்காலியின் பெல்ட்டும் எட்டவில்லை. மேலதிகாரி அவரைக் கீழே கேட்டில் உட்காரவைத்தார்.

"வருஷக் கடைசிக்குள்ள பெல்ட் மாட்டுச்சுன்னா மேல போங்க. இல்லன்னா இந்த ஸ்டூல்தான்."

அதற்காகத்தான் மலை, உடம்பு இளைக்க ஊசி போட்டுப் பார்க்கும் ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் சேர்ந்தார். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதையே ஒரு வேலையாக இத்தனை படித்தவர்கள் செய்வதைப் பார்த்து அவர் வாயடைத்துப்போனார். எடையைக்கூட ஆராய்ச்சி முடிந்துதான் சொல்வார்களாம்.

வீட்டு மெஷினிலோ அவர் ஏறினால் முள் கடைசியில் முட்டி நின்றுவிடும். எனவே கேட்டுக்குப் பக்கத்தில் லாரி நிறுக்கும் எடைமேடையில் போய் நின்றார். நூற்றறுபது கிலோ. மாதக்கணக்கில் போய் நின்றும் அதே நூற்றறுபதுதான்.

"நமக்கு வாய்ச்சது வெறும் ஊசி. நாளைக்கே போய் நிறுத்திடப் போறேன்," என்றார் மனைவியிடம்.

"வெறும் ஊசின்னா சாப்பாட்டு டப்பா ஏன் தினமும் பாதி திரும்பி வருது? என் சமையல் அவ்வளவு மோசமாயிடுச்சா?"

மலை திகைத்து உட்கார்ந்தார். நினைவு தெரிந்த நாளாக உள்ளே ஒரு குரல் 'போடு, இன்னும் போடு' என்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் எப்போது ஓய்ந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. உலகம் இவ்வளவு அமைதியானதா என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

ஊசியை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் எடைமேடை ஒரேயடியாக நூற்று நாற்பது காட்டியது.

"அண்ணே, இது இருவது இருவதாத்தான் காட்டும். லாரிக்குச் செஞ்சது, அஞ்சு பத்தெல்லாம் இதுக்குத் தூசி," என்றார் எடைமேடைக்காரர்.

"அடப்பாவி, முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"லாரி எடையத்தான் பாக்குறீங்கன்னு நினைச்சேன்."

வருஷம் முடிவதற்குள் மலை ஏணியில் ஏறினார். மூச்சு வாங்கியது, ஆனால் பெல்ட் மாட்டிக்கொண்டது. கீழே கப்பல்கள் வரிசையாக நின்றன. மத்தியானச் சங்கு ஊதி வெகுநேரம் கழித்துத்தான் டப்பாவின் ஞாபகமே வந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"சின்ன வயசுலேருந்து எல்லாரும் என்னைத் தின்னிப்பண்டாரம்னாங்க. நானும் அது என் புத்தின்னு நம்பிட்டேன். ஒரு ஊசி முனைக்கு அடங்குதுன்னா, அது என் புத்தியே இல்ல."



"நானும்தானே உங்கள அப்படிச் சொன்னேன்," என்றாள் மனைவி.