கைக்குட்டையில் மடித்த நற்கருணை

நேற்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பீங்கான் பொம்மைக் கடையில் மாதா சிலை வாங்க நின்றேன். கடைக்குப் பின்னால் பட்டறை. அங்கிருந்து ஈரக் களிமண் வாசனை வந்தது. சிலையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு அன்பழகன் முகம் வந்துவிடும்.

தாலுகா ஆபீசில் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் நான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் டீச்சர். பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் என் கட்டைக் குரலைக் கிண்டல் செய்வார்கள்.

அன்பழகன் பீங்கான் படிப்பு படித்தவன். வேப்பூர் பக்கம், இந்துக் குடும்பம். அறைத்தோழன் அருளோடு சும்மா வந்து உட்கார்ந்தவன்தான், ஆனால் என் வகுப்பில் தூங்காதவன் அவன் ஒருவன். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளை மண் இருக்கும்.

"டீச்சர், பூசையில குடுக்கற அந்த அப்பத்துல நெஜமாவே சாமி இருக்குதா?"

"முழுசா இருக்காருப்பா."

நன்றாகச் சொல்லிவிட்டேன் என்று பெருமை வேறு. ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான் வாங்கலாம், அங்கேயே உட்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டேன். அவனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு அவனும் வரிசையில் நின்றிருக்கிறான். கொரோனாவுக்குப் பிறகு நற்கருணை அப்பத்தைக் கையில்தான் கொடுக்கிறார்கள். வகுப்பில் அவன் கைக்குட்டையைப் பிரித்து உள்ளே இருந்த அப்பத்தை அருளிடம் காட்டியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"யாருடா உன்ன வாங்கச் சொன்னது?"

"அம்மாவுக்கு டீச்சர். ஒடம்பு முடியல. சாமி இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க. வூட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு..."

திருநீறு மடிப்பதைப் போல மடித்து வைத்திருந்தான். கோயிலுக்குப் போனவன் நோயாளிக்குக் கொஞ்சம் கொண்டு போவான். அவன் வளர்ந்த வழக்கம் அது. இப்போது புரிகிறது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் "திருட்டுப் பயலே" என்றேன். பிடுங்கி, நானே உட்கொண்டேன். அவன் என் வாயையே பார்த்தான். அம்மாவுக்கென்று வைத்ததை டீச்சர் தின்கிறாள் என்றுதான் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

"சரிங்க டீச்சர், போயிட்டு வரேன்" என்றான். அப்புறம் வரவே இல்லை.

பூசை வைக்கும் சாமியாரிடம் போய்ச் சொன்னேன், பாராட்டுவார் என்ற நினைப்பில். "நீ உட்கொண்டது சரிதாம்மா" என்றவர், "அந்தம்மாவப் போய்ப் பாத்து ஜெபிச்சிட்டு வரலாமே, எந்த ஊரு?" என்று கேட்டார். வேப்பூர் பக்கம் என்பதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரே கிடையாது. ஞானஸ்நானம் பெற்றவர்களை மட்டும்தான் எழுதுவேன். அருளைக் கேட்டிருக்கலாம். ஒரு பையனிடம் போய் நான் தப்பு செய்துவிட்டேன் என்று காட்டிக்கொள்வதா என்று வீம்பு. வீம்பு இறங்குவதற்குள் அருளும் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது அந்த வகுப்பு இல்லை. அறையில் கல்யாண நாற்காலிகளை அடுக்கியிருக்கிறார்கள். பாடத்தை வாட்ஸப் குழுவில் அனுப்புகிறேன். பிள்ளைகள் ஒரு கைகூப்பும் படம் போட்டு முடித்துக்கொள்கிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை.

நான் மட்டும் இன்னும் ஞாயிறுதோறும் வரிசையில் நின்று கையில் வாங்குகிறேன். வாயில் வைக்கும்போதெல்லாம், அந்த அம்மா பிழைத்தாரா என்று தெரியாமலேதான் விழுங்குகிறேன்.