தாண்டிப் படித்த பக்கங்கள்

கொலைக்கதை படிக்க ஆசை, எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு வாய் பரபரக்கும். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் பெண்களுக்கு இந்த விஷயத்தில் நான் சொல்வதுதான் தீர்ப்பு. பழைய துப்பறியும் நாவல்களாகவே சொல்வேன். முப்பது பக்கத்துக்குள் பிணம் விழுந்துவிட வேண்டும். கொலைகாரன் கதை முழுக்க நம் கண்ணெதிரே காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனாக இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்து இறங்கும் இரட்டைப் பிறவித் தம்பியெல்லாம் கூடாது. முக்கியமாக, துப்பறிபவருக்குக் கிடைத்த தடயம் எல்லாம் நமக்கும் கிடைத்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம். என் சிபாரிசில் படித்து ஏமாந்தவர்கள் இதுவரை யாரும் இல்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்தான் வாங்குவேன். பழைய மிக்ஸிகளுக்கும் சைக்கிள் டயர்களுக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்பவர் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். "உள்ள இன்னா கதைன்னு எனக்குத் தெரியாதுக்கா. கடைசிப் பக்கம் கீதான்னு மட்டும் பாத்து எட்த்துக்கோ. அப்பால வந்து பேஜார் பண்ணாத" என்பார். ஒருமுறை கடைசிப் பக்கம் இல்லாத புத்தகத்துக்காக நான் போட்ட சண்டை அவருக்கு மறக்கவில்லை.

அடுத்த தெருவில் ஒரு டீச்சர் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் புனேயில் வேலை பார்க்கிறான். என்னைவிடப் பெரிய கொலைக்கதைப் பைத்தியம் அவர். முக்கால் புத்தகம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு, கொலைகாரனின் பெயரைப் பின்னட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதுவார். அப்புறம்தான் மீதிக் கதை. நான் கொடுத்த புத்தகம் ஒன்றில்கூட அந்தப் பெயர் தப்பாக இருந்ததில்லை.

இந்த வருஷம் அவருக்கு விழித்திரை கெட்டுவிட்டது. ஓரம் தெரிகிறது, நடுவில் ஒன்றும் தெரியவில்லை. "உன்னைப் பாத்தா காது மட்டும்தான் தெரியுது" என்று சிரித்தார். மகன் புனேவுக்கே வந்துவிடச் சொன்னான். டீச்சர் மறுத்துவிட்டார். "கண்ணுதான் போச்சு. தலை நல்லா இருக்கு. கொலைகாரனை நான் கரெக்டா சொல்ற வரைக்கும் என்னைக் கூப்பிடாத" என்று அவர் ஃபோனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வேடிக்கையாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் தனியாக இருக்க முடியுமா என்பதை அவர் இதை வைத்துத்தான் அளந்துகொண்டிருந்தார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதனால் தினமும் நாலு மணிக்குப் போய்ப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். எனக்கு நல்ல குரல், பாத்திரத்துக்குத் தகுந்தபடி மாற்றியும் பேசுவேன். சத்தம் இடைஞ்சல் என்று டீச்சர் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்பார். மேலே விமானம் போனால் அது போகும்வரை காத்திருப்போம். முக்கால் கதையில் அவர் ஒரு பெயர் சொல்வார். அதை நான் காலண்டரில் கிழித்த தேதிக் காகிதத்தின் பின்புறம் எழுதி அவருடைய பைபிளுக்கு அடியில் வைப்பேன்.

முதல் புத்தகத்தில் பெயர் தப்பாகிவிட்டது. டீச்சர் சிரித்தார். இரண்டாவதும் தப்பானது. அன்று காபி ஆறிப்போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.

மூன்றாவது, மலை பங்களாவில் நடக்கும் கொலை. டீச்சர் சமையல்காரன் என்றார். கொன்றது மேனேஜர். மழையில் வெளியே போகவே இல்லை என்று சாதித்தவனை, அவன் அறையில் இருந்த ஈரக் குடையை வைத்துப் பிடித்தார்கள்.

"எந்தக் குடை?" என்றார் டீச்சர்.

"முன்னாடியே வந்துச்சே டீச்சர். நீங்க கவனிக்கல."

யோசிக்காமல் சொன்னேன். நான் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்பது என் நினைப்பு. டீச்சர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் போனபோது, மாதக் கடைசிக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். "குடைன்னு ஒண்ணு வந்ததே எனக்கு ஞாபகம் இல்லம்மா. அடுப்பை அணைச்சேனான்னு நாளைக்கு மறந்துட்டா?"

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் அந்தக் குடையைத் தேடினேன். எவ்வளவு சின்னதாகச் சொல்லியிருந்தால் டீச்சரே தவறவிடுவார் என்று பார்க்கத்தான் தேடினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. மேனேஜரின் அறை, ஒன்றரைப் பக்க வர்ணனை. கட்டில், பீரோ, மேஜை, மூலையில் விரித்து வைத்த ஈரக் குடை. அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை.

முப்பது வருஷம் வேலைக்குப் போகும்போது தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் படித்தவள் நான். இறங்குவதற்குள் அத்தியாயம் முடிய வேண்டுமென்று, வர்ணனை வந்தால் தாண்டிப் பேச்சுக்குப் போய்விடுவேன். அப்படியானால் கொலைகாரனை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், கண்டுபிடித்ததே இல்லை. கடைசியில் தெரிந்துகொண்டு, அப்போதே நினைத்தேன் என்று எல்லோரிடமும் அளந்திருக்கிறேன். டீச்சருக்குப் படிக்கும்போதும் விமானம் போகிற நேரத்தில் சத்தமில்லாமல் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு புத்தகங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் விருந்துச் சாப்பாட்டை விவரிக்கும் பத்தி, இன்னொன்றில் தோட்டம். இரண்டிலும் தடயம் நான் விட்ட இடத்தில்தான் இருந்தது.

உடனே திரும்பிப் போனேன். டீச்சர் புடவைகளைத் தடவிப் பார்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்று விடாமல் சொன்னேன்.

"மூணு புக்லயுமா?"

"மூணுலயும்தான் டீச்சர்."

"மூணு வாரமா நான் பயந்துகிட்டே இருக்கேன். தெரியுமா உனக்கு?" என்றார். அப்புறம், "இல்ல, என்னைத் தேத்தறதுக்காக நீ கதை கட்டற" என்றார்.

அந்தப் பக்கங்களைப் படித்துக் காட்டவா என்று கேட்டேன். "விடை தெரிஞ்ச கணக்கைப் போட்டு என்ன பிரயோஜனம்? புதுசா ஒண்ணு கொண்டு வா. நீயும் படிக்காததா இருக்கணும். ஒரு வரி விடக்கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை வாங்கிவந்த புத்தகத்தை ஒன்பது நாள் படித்தேன். மரங்களைப் படித்தேன், திரைச்சீலைகளைப் படித்தேன், அரைப்பக்கத்துக்கு வந்த மீசையைப் படித்தேன். விமானம் போனால் விரலை வரியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முக்கால் கதை முடிந்த இடத்தில் டீச்சர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "பாட்டு வாத்தியார்" என்றார்.

கதையிலேயே பரம சாது அந்த வாத்தியார்தான். செத்தவரின் அண்ணன் மேல்தான் எனக்குச் சந்தேகம், அதுவும் சந்தேகமே இல்லாத சந்தேகம். பெயரை எழுதி பைபிளுக்கு அடியில் வைத்தபோது, நானே இவரை ரயில் ஏற்றி அனுப்பப் போகிறேன் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் கடைசி அத்தியாயம். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராக விடுவித்துக்கொண்டே வந்தார். அண்ணனையும் விடுவித்துவிட்டார். அடுத்த வரியைப் பார்த்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்னம்மா, வர்ணனையா?" என்றார் டீச்சர்.

"பாட்டு வாத்தியார், டீச்சர்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரம் கழித்து மகனுக்கு ஃபோன் போட்டுத் தரச் சொன்னார்.

"தம்பி, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடு. உடம்புக்கு ஒண்ணும் இல்லப்பா. தலையும் நல்லாத்தான் இருக்கு. படிச்சுக் காட்டினவதான் சரியில்ல."